நீலத் தட்டு

எங்கள் கிளினிக்கில் இரண்டு நிறத் தட்டுகள் உண்டு. வெள்ளைத் தட்டில் இருப்பது சுத்தமானது, எடுத்துக் குழந்தையின் வாயில் வைக்கலாம். நீலத் தட்டில் எது கிடந்தாலும் அது கழுவப் போகிற சாமான். நீலத் தட்டைப் பின்னறைப் பக்கம் தள்ளினால் போதும், ‘கழுவுங்க’ என்று வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. அழுகிற குழந்தையை வைத்துக்கொண்டு யார் கத்திக்கொண்டிருப்பது என்று இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவள் சுத்தக்கா. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அந்தத் தட்டில் வைக்கக் கூடாத ஒன்று ஏறியது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சுத்தக்கா என்பது நான் வைத்த பேர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வாசலில் உட்கார்ந்து போன் எடுக்கிறவளுக்கு அது இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது. அவளுக்குப் பின்னறை. ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் ஒதுங்க வேண்டிய அகலம், இரண்டு தொட்டி, ஒரு ஜன்னல், நீராவியில் சாமான்களை அவிக்கிற இயந்திரம். ஊறவைப்பது, பிரஷ் போடுவது, அலசுவது, துடைப்பது, பையில் போட்டு ஒட்டுவது, அவிப்பது. இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. விரல் நுனிகள் எந்நேரமும் ஊறி வெளுத்துக் கிடக்கும். நான் டீ டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு ஒரு போன் பேசித் திரும்புவதற்குள் டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கும்.

“அக்கா, நான் இன்னும் பாதிகூட குடிக்கல!”

“குடிச்சிட்டேன்னு நினைச்சேன்டி. கை தானா எடுத்துடுது, நான் என்ன பண்ண?”

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று திட்டிவிட்டு இன்னொரு டீ வாங்கி வருவேன். சிரித்தபடியே அந்த டம்ளருக்கும் காத்திருப்பாள்.

எங்கள் டாக்டரம்மா குழந்தைகளுக்கு மட்டும் பல் பார்க்கிறவர். குழந்தை பல்லை உடைத்துக்கொள்ள நேரம் காலம் பார்க்குமா? பெஞ்சிலிருந்து விழும், ஊஞ்சலில் இடிக்கும், தம்பியின் தலையில் மோதும். உடனே எனக்குப் போன் வரும். அந்தப் பக்கம் அம்மாக்காரி அழுவாள், அவள் அழுவதைப் பார்த்துக் குழந்தை அழும், யார் எதை உடைத்துக்கொண்டார்கள் என்பதே பிடிபடாது. நான் ஆத்திரக்காரி. இரண்டு தரம் கேட்பேன், மூன்றாம் தரம் போனைப் பின்னறைக்குக் கொண்டுபோய்விடுவேன். சுத்தக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாங்குவாள்.

“அம்மா, முதல்ல நீங்க உட்காருங்க. குழந்தைக்கு எத்தனை வயசு? மூணா? அப்போ அது பால் பல்லு, திரும்ப வைக்காதீங்க. அடியில வளர்ற பல்லு கெட்டுடும். ரத்தத்தை நிறுத்திட்டு இங்க கூட்டிட்டு வாங்க, போதும்.”

எட்டு, ஒன்பது வயது என்றால் அவள் குரலில் வேகம் கூடும். “அது விழுந்து முளைச்ச பல்லும்மா. போனா போனதுதான். உடனே தேடி எடுங்க. பல்லோட வெள்ளைத் தலையைப் பிடிச்சுத் தூக்குங்க, வேர்ல கை படக் கூடாது. மண்ணா இருந்தா குழாய்த் தண்ணியில பத்து எண்ணுற வரைக்கும் காட்டுங்க. தேய்க்காதீங்க, துடைக்காதீங்க. வேர் மேல கண்ணுக்குத் தெரியாத தோல் ஒண்ணு இருக்கு, அதுலதான் உயிரே இருக்கு. தைரியம் இருந்தா அதே குழியில வெச்சுத் துணியைக் கடிக்கச் சொல்லுங்க. இல்லேன்னா பால்ல போட்டுட்டு ஓடி வாங்க. அரை மணிக்குள்ள வந்தா பல்லு பிழைச்சுக்கும்.”

அவள் சொல்லச் சொல்ல எழுதி, கொட்டை எழுத்தில் ஒரு அட்டை தயார் செய்தேன். ஒன்றை வாசல் சுவரிலும் இன்னொன்றைப் பின்னறைக் கதவிலும் ஒட்டினோம். அந்த அட்டையால் பிழைத்த பல் எத்தனையோ. பால் கிடைக்காத ஒரு லாரி டிரைவர், மகனுடைய பல்லைத் தன் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டே வந்து சேர்ந்தார். என்ன கேட்டாலும் ‘ம்ம், ம்ம்’ என்கிறார். எனக்கு வாய்க்கொழுப்பு வேறு. “பெரியவங்களுக்கு இங்க பார்க்கறதில்லை சார், வேற டாக்டரைப் பாருங்க” என்று வாசலைக் காட்டினேன். சுத்தக்காதான் ஓடி வந்து அவர் தாடைக்குக் கீழே கையை நீட்டினாள். “துப்புங்கண்ணா” என்றாள். பல் பிழைத்தது. அந்தப் பையன் இப்போது மீசை வைத்திருக்கிறான்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து சுத்தக்காவுக்கு ஒரு பெண் பிறந்தாள். புருஷன் சரக்கு வேன் ஓட்டுகிறவர், வாரத்தில் நாலு நாள் வெளியூர்தான். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் பெண் நேரே கிளினிக்குக்கு வந்துவிடுவாள். பின்னறை வாசலில் ஒரு முக்காலி, அதுதான் அவள் இடம். வீட்டுப்பாடம், ஜன்னல், தூக்கம் எல்லாம் அங்கேயே. எழுத்துக் கூட்டிப் படித்ததுகூட அந்தக் கதவு அட்டையைப் பார்த்துத்தான். “வே-ரைத் தொ-டா-தீர்-கள்” என்று இழுத்து இழுத்துப் படிப்பாள். பிறகு பார்க்காமலே ஒப்பிப்பாள். சுத்தக்காவுக்குப் பெருமை தாங்காது.

ஏழு வயதில் முன்பற்கள் இரண்டும் முளைத்து வந்தன. அடேயப்பா, எவ்வளவு பெரிய பல்! முகம் பின்னால் வரட்டும் என்று பல் முந்திக்கொண்டு வந்துவிட்டது. நான் சும்மா இருப்பேனா? ‘முயல்’ என்று பேர் வைத்தேன். அவளுக்கும் அது பிடித்துப்போயிற்று. மாடிப்படி ஏறும்போதே, “சித்தி, முயல் வந்துடுச்சு!” என்று கத்துவாள். நான் பென்சிலை நீட்டுவேன், அதைக் கடிக்க வருகிற மாதிரி பல்லைக் காட்டுவாள். சாயந்திர நேரத்துக்கு அது ஒரு வெளிச்சமாக இருந்தது.

அவளுக்கு ஒன்பது வயது நடந்தது. மதியம் இரண்டு மணிக்கு டாக்டரம்மா சாப்பிட வீட்டுக்குப் போனால் நாலுக்குத்தான் திரும்புவார். மூன்றே கால் இருக்கும். “சித்தி, முயல்...” என்று கீழே குரல் கேட்டது. அடுத்தபடி ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். திருப்பத்துப் படியில் குப்புறக் கிடந்தாள். கையில் பரீட்சைத் தாள். நல்ல மார்க் வாங்கியிருந்தாளாம், காட்ட ஓடி வந்திருக்கிறாள். படி விளிம்பில் வாய் மோதி, முன்பல் ஒன்று போயிருந்தது.

சுத்தக்கா கத்தவில்லை. பிள்ளையைத் தூக்கி வந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். மயக்கம் உண்டா, வாந்தி வருகிறதா, தாடை அசைகிறதா என்று எல்லாம் சரியாகப் பார்த்தாள். பஞ்சுத் துணியை மடித்து வாயில் வைத்தாள். “கடிச்சுக்கோடா கண்ணு. அம்மா சொல்ற வரைக்கும் வாயைத் திறக்காதே” என்றாள். குரல் நடுங்கவே இல்லை.

“பல்லைத் தேடுடி” என்றாள்.

நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன், பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்றார். படிக்கட்டில் தவழ்ந்து தேடினேன். கீழ்ப்படியில், செருப்பு விடுகிற மூலையில் மண்ணோடு கிடந்தது. முழுப் பல், வேரோடு. தலையைப் பிடித்துத்தான் எடுத்தேன். அதில் நான் தவறவில்லை. மேலே வந்தால் சுத்தக்காவின் இரண்டு கையும் பிள்ளையின் முகத்தில். பல்லை எங்கே வைப்பது? கைக்கெட்டிய தட்டில் வைத்தேன். “அக்கா, பல்லு இங்க. நான் பால் வாங்கிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு, தட்டைத் தொட்டிப் பக்கம் தள்ளிவிட்டு ஓடினேன்.

நீலத் தட்டு.

பக்கத்துக் கடைக்குப் போய்ப் பால் வாங்கித் திரும்ப நாலு நிமிஷம் ஆகியிருக்கும். வந்து பார்த்தால் பல் வெள்ளைத் தட்டில் இருந்தது. வெள்ளைத் துணிமேல், காய்ந்து, பளபளவென்று. அறையெல்லாம் ஸ்பிரிட் வாசனை. தொட்டியோரம் பிரஷ் ஈரமாகக் கிடந்தது. சுத்தக்கா என்னைப் பார்த்து, “ஒரு பொட்டு மண்ணு இல்லை பாரு” என்றாள். அந்த ஒரு கணம் அவள் முகத்தில் எப்போதும் வேலை முடித்தால் வருகிற திருப்திதான் இருந்தது.

பிறகு என் கையிலிருந்த பால் டம்ளரைப் பார்த்தாள்.

அந்த முகத்தை நான் எப்படிச் சொல்ல? பார்த்தவள் நான் ஒருத்தி, அது என்னோடு போகட்டும். தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை தன் குட்டிமேல் சறுக்கி விழுந்தால் அதற்கு என்ன பழமொழி சொல்வார்கள்?

நான் பல்லை எடுத்துப் பாலில் போட்டேன். மாடிப்படியில் டாக்டரம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவர் டம்ளரைப் பார்த்துவிட்டு, “சபாஷ். எப்போலேர்ந்து பால்ல இருக்கு?” என்று கேட்டார்.

சுத்தக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் என் நாக்கில் சனி உட்கார்ந்துகொண்டது.

“விழுந்த உடனே போட்டுட்டோம் டாக்டர்.”

அவளைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். தட்டை யார் தள்ளியது என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்றுதான் சொன்னேன்.

டாக்டரம்மா பல்லைக் குழியில் வைத்துப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் பிணைத்தார். “கொடுத்து வெச்சவடி நீ. இவ்வளவு சீக்கிரம் எந்தப் பல்லும் என்கிட்ட வந்ததில்லை. நூத்துக்குத் தொண்ணூறு பிழைச்சுக்கும்” என்றார். சுத்தக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வாரத்தில் கம்பியை எடுத்தார்கள். பல் அசையாமல் நின்றது. நானும் பெருமூச்சு விட்டேன். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன், புத்தி கெட்டவள்.

பல் விழவில்லை. விழுந்திருந்தால்கூடத் தேவலை. நின்றபடியே நின்றுவிட்டது. பிள்ளை வளர்ந்தாள், முகம் வளர்ந்தது, பக்கத்துப் பல் இறங்கி வந்தது. இது மட்டும் அன்று வைத்த இடத்திலேயே இருந்தது. ஆறு மாதத்தில் ஒரு நூல் அளவு மேலே நின்றது. ஒரு வருஷத்தில் எதிரே நிற்கிறவர்களுக்குத் தெரிந்தது. அடுத்த வருஷம் பள்ளிக்கூடப் போட்டோவில் எல்லாப் பிள்ளைகளும் சிரிக்க, இவள் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். பேசும்போது கை தானாக வாய்க்குப் போக ஆரம்பித்தது. படியேறும்போது குரல் கொடுப்பது நின்றுபோனது. நானும் முயல் என்று கூப்பிடுவதை விட்டேன். எந்த வாயால் கூப்பிட?

சுத்தக்கா என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் போனை வாங்குவதில்லை. யாராவது அழுதுகொண்டு கூப்பிட்டால், “நீயே சொல்லுடி, அட்டையில இருக்குல்ல” என்று தண்ணீரைத் திறந்துவிடுவாள். ஊருக்கு உபதேசம் சொன்ன வாய் அடைத்துப்போயிற்று. தினமும் காலையில் பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டு, “ஈ காட்டு” என்று அந்தப் பல்லைப் பார்ப்பாளாம். ஏதோ அன்றைக்காவது ஒரு மயிரிழை இறங்கியிருக்காதா என்று. அவள் புருஷன்தான் ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார். “அது பல்லும்மா, பயிரா? தினம் பார்த்தா வளருமா? இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு, நீயாவது கேளு” என்றார். கேட்கிறேன் என்றேன். எனக்குத் தெரியாததா, நான் கேட்க?

பெண்ணுக்குப் பதினோரு வயதானபோது டாக்டரம்மாவே கவனித்துவிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். பரிசோதனைக்கு வர வேண்டிய நாள்களைச் சுத்தக்கா ஏதாவது சொல்லித் தள்ளிக்கொண்டே வந்திருந்தாள். அன்று தள்ள முடியவில்லை. டாக்டரம்மா வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியின் கைப்பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். மற்றப் பற்கள் டொக், டொக் என்றன. அந்தப் பல் மட்டும் டிங் என்றது, காலி டம்ளரைத் தட்டின மாதிரி. இன்னொரு முறை தட்டினார். மறுபடி டிங். வாசலில் என் மேஜை வரைக்கும் கேட்டது. நான் எழுந்துபோய்க் கதவோரம் நின்றேன்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். “பல்லு எலும்போட ஒட்டிப் போச்சு. எலும்பு வேரைத் தின்னுட்டு வருது” என்றார். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சுத்தக்காவைப் பார்த்தார். “வேர்த் தோல் செத்தாத்தான் இப்படி ஆகும் அக்கா. உடனே பால்ல போட்ட பல்லுக்கு ஏன் இப்படி ஆச்சு? அன்னைக்கு என்னதான் நடந்துது?”

சுத்தக்கா மூச்சை இழுத்துக்கொண்டாள். அதற்குள் நாற்காலியிலிருந்து பிள்ளை பேசினாள்.

“பால்லதான் டாக்டர் இருந்துது. நான் பார்த்தேன். அம்மா தேய்க்கவே இல்லை.”

தேய்த்தாயா என்று யாரும் கேட்கவில்லையே! அந்த வார்த்தையை அவளாகச் சொன்னாள். அதைக் கேட்டதும் சுத்தக்காவின் முகம் சாம்பலாகிவிட்டது. இரண்டு வருஷமாக இது தனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்றுதான் நினைத்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஜீவனை நாங்கள் இருவரும் மறந்தே போயிருந்தோம். அட்டையைத் தலைகீழாக ஒப்பிக்கிற பிள்ளை அவள்.

சுத்தக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நான்தான் தேய்ச்சேன் டாக்டர். பிரஷ் போட்டு, ஸ்பிரிட்ல முக்கித் தேய்ச்சேன். பெத்த பொண்ணோட பல்லை, தேய்ச்சுக் கொன்னுட்டேன்” என்றாள். தலையில் அடித்துக்கொண்டாள். “இவ ‘ம்ம் ம்ம்’னு காலை உதைச்சா. வலியில முனகுறான்னு நினைச்சேன். கடி, வாயைத் திறக்காதேன்னு அதட்டினேன். தேய்க்காதேம்மான்னு சொல்லியிருக்கா. அதைத்தான் சொல்லியிருக்கா டாக்டர், எனக்கு இப்போதான் புரியுது.”

பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. இல்லை என்று சொல்லவில்லை.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை மறுபடி எடுத்துப் பார்த்தார். கடைசியில், “அன்னைக்கே சொல்லியிருந்தா நானும் பல்லைத் திரும்ப வெச்சிருப்பேன் அக்கா. அதுல மாத்தம் இல்லை. ஆனா தொண்ணூறு பங்குன்னு பேசியிருக்க மாட்டேன். மாசா மாசம் பார்த்திருப்பேன். நீங்களும் தினம் தினம் அது இறங்கும்னு காத்துட்டு இருந்திருக்க வேண்டாம்” என்றார். பல்லில் வெளியே தெரிகிற பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வேரை எலும்புக்கே விட்டுவிட வேண்டும், வளர்ந்து முடியும் வரை கழற்றி மாட்டுகிற பல் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். எத்தனை வருஷம் என்று பிள்ளை கேட்டாள். ஏழெட்டு வருஷம் என்றார்.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். “உடனே போட்டுட்டோம்னு சொன்னது நீதானே?”

நான் வாயைத் திறப்பதற்குள் சுத்தக்கா முந்திக்கொண்டாள். “அவளுக்குத் தெரியாது டாக்டர். அவ பால் வாங்கப் போயிருந்தா. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்” என்றாள்.

தட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஏற்பாட்டைச் செய்தவளே அவள்தான். பல் எந்தத் தட்டில் வந்தது என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஊரையே வாயால் விரட்டுகிற நான், மரம் மாதிரி நின்றேன்.

அன்று சுத்தக்கா தொட்டியில் மீதமிருந்த சாமான்களைக் கழுவி முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்றாள். பிள்ளையைக் கீழே வேனில் காத்திருந்த அப்பாவிடம் விட்டுவரச் சொன்னாள். இருவரும் படி இறங்கினோம். திருப்பத்துப் படி வந்ததும் அவள் நின்றாள். இரண்டு வருஷத்தில் என் தோள் வரை வளர்ந்திருந்தாள். கை வாயைப் பொத்தியிருந்தது.

“சித்தி” என்றாள் கைக்குள்ளிருந்து. “நீலத் தட்டுல வெச்சதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பயப்படாதீங்க.”

அடியே, நீ சொல்லித் தொலைத்திருந்தால் என்ன! ரெண்டு வருஷம் எங்கள் இரண்டு பேரையும் உன் வாய்க்குள் அடக்கி வைத்திருந்தாயே! இதையெல்லாம் மனசுக்குள்தான் கத்தினேன். அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை வாயிலிருந்து எடுக்காமலேயே மெதுவாக இறங்கிப் போனாள்.

மேலே போன் அடிக்க ஆரம்பித்தது. பின்னறையில் தண்ணீர் விழுகிற சத்தம் நிற்கவில்லை. நான் ஏறிப்போய் எடுத்தேன். யாரோ ஒரு அம்மா அழுதாள். குழந்தைக்கு எத்தனை வயசு என்று கேட்டேன்.